புதிய சுவிட்சா, இரவில் அணைப்பதா, டிராபிக் கட்டுப்பாடா? நெட்வொர்க் மின்செலவுக்கு ஒரு சுங்கை சிப்புட் கணக்கு

சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் டியூஷன் நிலையம் நடத்தும் ஒருவர், லெட்ரிக் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மூன்று யோசனைகளைச் சொன்னார். கருவி விற்பவர், “மின்சாரம் மிச்சப்படுத்தும் புது சுவிட்ச் வாங்குங்கள்” என்றாராம். (விளக்கு சுவிட்ச் இல்லை; கணினி, கேமரா போன்றவற்றைக் கேபிள் வழியாக ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி.) அவருடைய அக்கா மகன், “இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள் மாமா, போதும்” என்றானாம். மூன்றாமவர் ஒருவர், “பிள்ளைகள் வீடியோ பார்ப்பதால்தான் நெட்வொர்க் மின்சாரம் தின்கிறது, டிராபிக்கைக் கட்டுப்படுத்துங்கள்” என்றாராம். நெட்வொர்க்கில் போய்வரும் டேட்டாவைத்தான் அவர் டிராபிக் என்கிறார். எதைச் செய்வது என்று தெரியாமல் அவர் மூன்றையுமே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் இன்னொருவரும், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் ஒருவரும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அதனால் கணக்கை உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் ஓர் அளவுகோல். ஒரு வாட் இழுக்கும் கருவி ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 8.76 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தால் 4 ரிங்கிட் 40 சென் அளவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் யார் என்ன விற்க வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். 2025 ஜூலையில் மின்கட்டண முறை மாறியது. இப்போது பில்லில் பல கூறுகள் தனித்தனியாக வருகின்றன. உங்கள் இடத்தின் உண்மையான விலை வேண்டுமென்றால், மாதாந்திர நிலையான கட்டணத்தைக் கழித்துவிட்டு மிச்சத் தொகையை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள்.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். எத்தனை வாட் குறைகிறது, அது எத்தனை மணி நேரத்துக்கு? கையிலிருந்து போகும் பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்? ஏதாவது பிசகினால் எது நின்றுபோகும்? அதைச் சரிசெய்ய ஊரில் ஆள் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை நகரத்துக் கட்டுரைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. எஸ்டேட் டவுனில் அதுதான் பெரிய கேள்வி. ஒரு கருவி நின்றால் ஈப்போவிலிருந்து ஆள் வரும்வரை வகுப்பு நடக்காது.

கணக்குக்கு அந்த டியூஷன் நிலையத்தை ஒத்த ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம். 20 கணினிகளுக்கு 24 போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, உள்ள பழைய சுவிட்ச் ஒன்று, 28 வாட். கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்ச் 16 போர்ட், தன் பங்குக்கு 12 வாட். அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் வைஃபை கருவிகள் நான்கு, தலா 8 வாட். கேமரா எட்டு, தலா 5 வாட். கேமராப் படங்களைச் சேமிக்கும் பதிவுப்பெட்டி 20 வாட். ஃபைபர் மோடமும் ரௌட்டரும் சேர்த்து 18 வாட். மொத்தம் 150 வாட். ஆண்டுக்கு 1,314 யூனிட், அதாவது சுமார் 657 ரிங்கிட். மாதத்துக்கு 55 ரிங்கிட் போல வருகிறது. நிலையம் பிற்பகல் 1 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. மிச்ச 15 மணி நேரமும் இவற்றில் பல யாருக்காகவும் இல்லாமல் விழித்திருக்கின்றன.

உங்கள் கருவிகளின் வாட் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். பிளக்கில் செருகி அளக்கும் மின்மானி ஐம்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். ஒன்று வாங்கி நான்கைந்து பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் எண் உச்சவரம்பு மட்டுமே. நடப்பில் அது இழுப்பது வேறு.

## முதல் வழி: புதிய, மின்சிக்கன சுவிட்ச்

சாதாரண கிகாபிட் (நொடிக்கு 1,000 மெகாபிட்) போர்ட்டில் டேட்டா எதுவும் போகாதபோதும் இரு முனைகளும் வெற்றுக் குறிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று காட்ட அது தேவைப்பட்டது. 2010ஆம் ஆண்டு வந்த 802.3ஏஇசட் என்ற நெட்வொர்க் தரம் இதை மாற்றியது. அனுப்ப ஒன்றுமில்லாத நேரத்தில் போர்ட் தூங்கலாம், இடையிடையே மட்டும் ஒரு குறி கொடுத்தால் போதும். மின்சிக்கன சுவிட்ச் என்று விற்பதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான்.

தூங்குவதற்கும் எழுவதற்கும் நேரம் பிடிக்கும். கிகாபிட் போர்ட் தூங்கப்போக 182 மைக்ரோ நொடி, எழ 16.5 மைக்ரோ நொடி. ஆனால் டேட்டா, பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகிறது; முழு அளவு பாக்கெட் ஒன்றை, அதாவது 1,500 பைட்டை அனுப்ப 12 மைக்ரோ நொடிதான் ஆகிறது. இப்போது ஒரு கணக்கு. நொடிக்கு 4 மெகாபிட் போகும் இணைப்பில் பாக்கெட்டுகள் ஏறக்குறைய 3,000 மைக்ரோ நொடிக்கு ஒன்று என்று வரும். நடுவில் நன்றாகத் தூங்கலாம். அதே இணைப்பில் 100 மெகாபிட் சீராக ஓடினால் பாக்கெட்டுகளுக்கு இடையே 120 மைக்ரோ நொடிதான். தூங்கி எழவே 198 தேவை என்பதால் போர்ட் கண்ணை மூடவே முடியாது. இத்தனைக்கும் இணைப்பின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் பயன்பாட்டில் இருக்கிறது!

அதனால்தான் பெரிய நெட்வொர்க்குகளில் பாக்கெட்டுகளைச் சிறிது நேரம் தேக்கி, கொத்தாக அனுப்பும் முறையைக் கையாளுகிறார்கள். சற்றுத் தாமதம் கூடும், தூக்கம் நீளும். டிராபிக் மேலாண்மையும் மின்சிக்கனமும் நிஜமாகவே கைகோக்கும் இடம் இது. என் மனத்துக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒரு போர்ட்டில் மிச்சமாவது அரை வாட் சுற்றளவில்தான். அதற்கும் இரு முனையும் அந்தத் தரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய கணினி ஒரு பக்கம் இருந்தால் அந்தப் போர்ட்டுக்குப் பயனில்லை. புதிய சிப், மின்விசிறி இல்லாத அமைப்பு எல்லாம் சேர்ந்து 28 வாட் 13 ஆகிறது என்று வைப்போம். 15 வாட் மிச்சம். ஆண்டுக்கு 131 யூனிட், 66 ரிங்கிட். சுவிட்ச் விலை 350 ரிங்கிட் என்றால் பணம் திரும்ப ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்கிறேன். கேமராவுக்கும் வைஃபைக்கும் பிஓஇ வழியாகப் போகும் மின்சாரத்தை இந்தத் தரம் குறைக்காது. அது போர்ட்டின் தூக்கத்தை மட்டுமே கவனிக்கும். கோயில் மண்டபத்தில் நெட்வொர்க் வழியாக ஒலி அனுப்பும் டான்டே போன்ற அமைப்பு இருந்தால் இந்த வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கடிகார ஒத்திசைவு கெட்டு ஒலி விட்டுவிட்டு வரும். கும்பாபிஷேகத்தன்று அதைக் கண்டுபிடிப்பதைவிட முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்று. அலுவலகங்கள் கழித்துவிட்ட பெரிய சுவிட்சுகள் நூறு ரிங்கிட்டுக்குச் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். பார்க்க உறுதியாக இருக்கும். அப்படி ஒன்று விசிறிகளோடு சேர்த்து 80 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 350 ரிங்கிட். நூறு ரிங்கிட் பொருள் மூன்றே ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். இதை மட்டும் வாங்காதீர்கள்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? 24 மணி நேரமும் சுவிட்ச் ஓடியே ஆக வேண்டிய இடத்துக்கு. அதாவது கிளினிக், பெட்ரோல் நிலையம், இரவு ஷிப்ட் உள்ள செம்பனை ஆலை அலுவலகம் போன்றவை. பழைய சுவிட்ச் தானாகவே செத்துப்போன இடத்துக்கும் கேள்வியே இல்லாமல் பொருந்தும்.

## இரண்டாம் வழி: தேவையில்லாத நேரத்தில் அணைப்பது

அக்கா மகன் சொன்னது. ஆனால் “எல்லாவற்றையும்” என்று அவன் சொன்னதுதான் தவறு. கேமரா, பதிவுப்பெட்டி, மோடம், ரௌட்டர், இவை இரவில்தான் அதிகம் தேவை. அணைக்கக்கூடியவை வைஃபை கருவிகளும் கணினிகளுக்கான சுவிட்சும் மட்டுமே.

நான்கு வைஃபை கருவிகளை 15 மணி நேரம் அணைத்தால் ஆண்டுக்கு 175 யூனிட், 88 ரிங்கிட். நிர்வகிக்கக்கூடிய பிஓஇ சுவிட்ச் ஏற்கெனவே இருந்தால் அதன் அமைப்புப் பக்கத்தில் போர்ட் வாரியாக நேர அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் இருக்கும். செலவு இல்லை. பழைய 24 போர்ட் சுவிட்சை 30 ரிங்கிட் டைமர் பிளக்கில் போட்டால் 153 யூனிட், 77 ரிங்கிட்.

அந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பழைய சுவிட்சுக்கு டைமர் போட்டால் 153 யூனிட் மிச்சம். புது சுவிட்ச் வாங்கி நாள் முழுக்க ஓடவிட்டால் 131 யூனிட்தான் மிச்சம். டைமர் போட்ட பிறகு புது சுவிட்சும் வாங்கினால்? அது மிச்சப்படுத்தும் நேரம் 9 மணியாகச் சுருங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 49 யூனிட், 25 ரிங்கிட். 350 ரிங்கிட் திரும்ப 14 ஆண்டு ஆகும். விற்பவர் தாளில் இரண்டு மிச்சங்களையும் கூட்டிக் காட்டுவார். ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும் என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் சிக்கல்கள் இந்த வழியில்தான் அதிகம். எல்லாமே நான் நேரில் பட்டவை.

முள் சுற்றும் டைமர் பிளக் மின்தடையின்போது நின்றுவிடும். மாலை மழையில் நாற்பது நிமிடம் கரண்ட் போனால் அன்றிலிருந்து அது நாற்பது நிமிடம் பின்தங்கியே ஓடும். மறுநாள் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், நெட் வராது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரையே வாங்குங்கள். பிஓஇ சுவிட்சின் நேர அட்டவணைக்கும் இதே நோய் உண்டு. மின்தடைக்குப் பிறகு அதன் கடிகாரம் பழைய ஏதோ ஓர் ஆண்டுக்குப் போய்விடும். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதியை இயக்கி, நேர மண்டலத்தை மலேசியாவுக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு (UTC) 8 மணி முன்னால் என்று அமைத்தால் அது தானே திருத்திக்கொள்ளும்.

கேபிள் எது எங்கே போகிறது என்று அணைப்பதற்கு முன் தேடிப் பாருங்கள். பதிவுப்பெட்டியின் கேபிள் அந்த 24 போர்ட் சுவிட்சில் செருகியிருந்தால் இரவில் கேமரா எதுவும் பதிவாகாது. திருட்டு நடந்த பிறகுதான் அது தெரியவரும். கதவு அலாரம், ஐபி தொலைபேசி இவற்றையும் அப்படியே பாருங்கள்.

வைஃபை கருவிக்கான கைபேசிச் செயலியில் (ஆப்) “வைஃபை நேரக் கட்டுப்பாடு” என்று ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் ரேடியோவை மட்டும் நிறுத்தும். கருவி உள்ளே விழித்தே இருக்கும், சில வாட் போய்க்கொண்டேதான் இருக்கும். முழு மிச்சம் வேண்டுமென்றால் போர்ட்டுக்கே மின்சாரம் நிற்க வேண்டும். பத்து வயதான சுவிட்சைத் தினமும் அணைத்து ஏற்றினால், மின்வழங்கி ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பட்சத்தில், ஒரு நாள் ஏறாமலே போகலாம். அந்த நாளுக்கு ஒரு சிறிய மாற்று சுவிட்ச் அலமாரியில் இருக்கட்டும்.

பள்ளிக்கு இந்த வழியே சிறந்தது, விடுமுறை நாட்கள் அவ்வளவு இருக்கின்றன. கருவிகள் அரசு தந்தவையாக இருந்தால் தலைமையாசிரியரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

## மூன்றாம் வழி: டிராபிக்கைக் கட்டுப்படுத்துவது

மின்சாரத்துக்காக என்றால் இது ஏறக்குறைய வீண். சாதாரண சுவிட்சோ ரௌட்டரோ சும்மா இருக்கும்போதும் முழுவேகத்தில் ஓடும்போதும் இழுக்கும் மின்சாரத்தில் சில வாட்தான் வித்தியாசம். ஸ்டார்ட் செய்து நிறுத்திய லோரியில் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும்வரை டீசல் போகும், அதுபோல. பிள்ளைகள் வீடியோ பார்ப்பதை நிறுத்தினால் இரண்டு வாட் குறையலாம். ஆண்டுக்கு எட்டொன்பது ரிங்கிட், அதுவும் நாள் முழுக்கக் குறைந்தால்தான்.

இன்னும் சொன்னால் எதிர்விளைவும் உண்டு. சிறிய ரௌட்டர்கள் பாக்கெட்டுகளை வன்பொருள் வழியாகக் குறுக்குப்பாதையில் அனுப்புகின்றன. வேகக் கட்டுப்பாட்டையும் முன்னுரிமையையும் இயக்கினால் பலவற்றில் அந்தக் குறுக்குப்பாதை மூடிக்கொள்ளும். எல்லாம் ரௌட்டரின் பிராசஸர் வழியாகப் போகும், அதன் வேலை கூடும், வேகமும் குறையும்.

தரவு மையங்களின் கதை வேறு. 2010இல் வெளிவந்த எலாஸ்டிக்ட்ரீ என்ற ஆய்வு, டிராபிக் குறைவாக உள்ள நேரத்தில் அதைச் சில சுவிட்சுகள் வழியாக மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்ச சுவிட்சுகளை அணைத்து, நெட்வொர்க் மின்சாரத்தில் 50 விழுக்காடு வரை குறைக்கலாம் என்று காட்டியது. அங்கே ஓர் இடத்துக்குப் போகப் பல பாதைகள் இருக்கின்றன. நம் கடைவீட்டில் ஒரே பாதைதான். ஆனால் அதன் சாரத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். பாதி காலியாக இரண்டு சுவிட்ச் இருந்தால் கேபிள்களை ஒன்றுக்கு மாற்றிவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். ஒரு மத்தியான வேலை, காசு செலவில்லை.

அப்படியானால் டிராபிக் கட்டுப்பாடு எங்கே வெல்லும்? எனக்குத் தெரிந்து இரண்டு இடங்களில்.

ஒன்று, கணினிகளைப் புதுப்பிக்கும்போது. “அப்டேட் ஓடட்டும்” என்று 20 கணினிகளையும் இரவு முழுக்க விட்டுவிட்டுப் போகும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சும்மா இருக்கும்போது தலா 40 வாட் என்றால் 800 வாட். 15 மணி நேரத்துக்கு 12 யூனிட், ஒரே இரவில் 6 ரிங்கிட். மேலே இரண்டு வழிகளில் பார்த்த மிச்சமெல்லாம் இதன் முன் சில்லறை. விண்டோஸில் ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை உள் நெட்வொர்க்கிலேயே மற்றவை பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, வகுப்பு தொடங்குமுன் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால் இரவில் எல்லாவற்றையும் மூடிவிடலாம். தொலைவிலிருந்து கணினியை எழுப்பும் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: சுவிட்ச் டைமரில் அணைந்திருக்கும்போது எழுப்பும் செய்தி போய்ச் சேராது.

இரண்டு, தோட்டத்துக்குள்ளே. ஃபைபர் போகாத இடத்தில் சோலாரில் ஓடும் 4ஜி கேமரா. அங்கே ரேடியோ அனுப்பும் ஒவ்வொரு நொடியும் பேட்டரியிலிருந்து போகிறது. செம்பனை மரங்களுக்கு நடுவே சிக்னல் பலவீனமாக இருந்தால் மோடம் கூடுதல் ஆற்றலோடு அனுப்ப வேண்டியிருக்கும். எப்போதும் விழித்திருக்கும் 5 வாட் கேமரா ஒரு நாளைக்கு 120 வாட்-மணி எடுக்கும். 12 வோல்ட் 20 ஆம்பியர்-மணி பேட்டரி வெயில் இல்லாமல் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. அசைவு இருந்தால் மட்டும் அனுப்பு, வீடியோவைச் சுருக்கும் முறையில் எச்.264க்குப் பதில் இன்னும் சிறிதாகச் சுருக்கும் எச்.265 போடு, மிச்ச நேரம் மோடம் தூங்கட்டும் என்று அமைத்தால் மழைக்காலத்திலும் கேமரா நிற்காது.

வகுப்பு வீடியோ விட்டுவிட்டு வருகிறது என்பதற்காக முன்னுரிமை அமைக்கிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது.

## பக்கம் பக்கமாக

| | புதிய சுவிட்ச் | நேரத்துக்கு அணைப்பது | டிராபிக் கட்டுப்பாடு |
|---|---|---|---|
| ஆண்டு மிச்சம் | 131 யூனிட், 66 ரிங்கிட் | 328 யூனிட், 164 ரிங்கிட் | 18 யூனிட்டுக்குள் |
| கைச்செலவு | 350 ரிங்கிட் அளவு | 30 ரிங்கிட் டைமர் | பணமில்லை, நேரம் மட்டும் |
| பணம் திரும்ப | ஐந்து ஆண்டுக்கு மேல் | மூன்று மாதத்துக்குள் | கணக்கிடத் தேவையில்லை |
| பிசகினால் | ஒலியமைப்பு, சில பழைய கணினிகள் | கேமரா, அலாரம், காலை வகுப்பு | இணைய வேகம் |
| யார் பார்க்க வேண்டும் | ஒருமுறை பொருத்தினால் போதும் | மின்தடைக்குப் பின் ஒருவர் | விவரம் தெரிந்தவர் |
| ஏற்ற இடம் | நாள் முழுக்க ஓடும் இடம் | பள்ளி, டியூஷன், அலுவலகம் | சோலார், 4ஜி, அப்டேட் |

அட்டவணையில் இல்லாத ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கருவிகளைச் சிறு அறையில் பூட்டி, சூடாகக்கூடாது என்று இரவெல்லாம் ஏர்கோன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் 800 வாட் போல இழுக்கும். கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினாலும் அந்த 15 மணி நேரத்துக்கே ஆண்டுக்கு 2,190 யூனிட், 1,095 ரிங்கிட். மொத்த நெட்வொர்க்கின் செலவைவிட அதிகம்! இத்தகைய சிறிய சுவிட்சுகள் பொதுவாக 40 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. பெட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி மேலே ஒரு சிறு விசிறி வைத்துவிட்டு, உள்ளே ஒரு வெப்பமானி போட்டு ஒரு வாரம் பாருங்கள்.

டியூஷன் நிலையத்துக்கு நான் சொன்னது இதுதான்: கணினிகளை இரவில் மூடுங்கள், டைமர் வாங்குங்கள், வைஃபைக்கு நேர அட்டவணை போடுங்கள், சுவிட்சை விட்டுவிடுங்கள். கோயிலில் கருவிகள் ஆறு போர்ட்டுக்கு மேல் இல்லை. அங்கே காலியாக ஓடிய ஒரு சுவிட்சைக் கழற்றியதோடு வேலை முடிந்தது.

புது சுவிட்சும் ஒரு நாள் வாங்கத்தான் வேண்டியிருக்கும். நம் பக்கம் விழும் இடிக்கு எந்தக் கருவியும் நெடுநாள் நிற்பதில்லை. அன்றைக்கு அவசரத்தில் கடையில் இருப்பதை வாங்கிவிடாமல், இப்போதே ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்: 802.3ஏஇசட் தரம் இருக்க வேண்டும், விசிறி இருக்கக்கூடாது, தேவைக்கு மேல் நான்கு போர்ட் போதும், பிஓஇ என்றால் நேர அட்டவணை வேண்டும். கூடவே, மின்னல் வெட்டும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டியவர் யார் என்றும் எழுதிவிடுங்கள்.